பாதிப் படத்துக்கு முழு ரிப்போர்ட்

ஐந்தருவியில் ஒரு கல்லின் மேல் குப்புறப் படுத்திருக்கிறேன். மாடசாமி என் முதுகில் எண்ணெய் தேய்க்கிறார். தேய்க்கிறார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அடிக்கிறார் என்பதுதான் சரி. என் வலது கையில், பாலித்தீன் பைக்குள் செல்போன். அதை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் என் கூட்டாளி சாகுலுக்குக் குரல் பதிவு அனுப்புகிறேன்.

"ஏலே சாகுல், நீ சொன்ன படத்தப் பாத்தாச்சி. தேறாதுலே. ஒருத்தன் பெட்டியத் தூக்கிக்கிட்டு நடக்கான், நடக்கான், நடந்துக்கிட்டே இருக்கான். வெளிய போயி சாயா குடிச்சிட்டு வந்து பாத்தாலும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கான். யாரு பெத்த பிள்ளைகளோ, வீட்ட விட்டுப் போயி இப்படி வீணாப் போகுதுக. நீ இதுக்குப் போயி நேரத்தக் கெடுக்காத."

சொல்லிவிட்டு எழுந்து போய் அருவிக்குள் தலையைக் கொடுத்தேன். தண்ணீர் பிடரியில் விழுந்தது. மனது லேசாக இருந்தது.

அந்தப் படத்தில் சாகுலின் மகள் வேலை செய்திருந்தாள். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படத்தின் இரண்டாம் பாதியை நான் பார்க்கவே இல்லை.

பெயர் இல்லாத குப்பி

தென்காசியில், கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், நான் இரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருப்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். போன வாரம் சிறுநீர்க் குப்பிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, சாப்பிடும்போது இந்தப் பத்திரிகையைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். இந்த வாரம் தைரியமாகச் சாப்பிடலாம். சினிமாதான்.

முப்பது வருஷமாக ஊர்க்காரர்களின் இரத்தத்தைப் பார்த்து முடிவு சொல்லிச் சொல்லி, எதைப் பார்த்தாலும் முடிவு சொல்கிற புத்தி வந்துவிட்டது. படம் முடிந்து வெளியே வரும்போது மற்றவர்களுக்கு மனதில் பாட்டு ஓடும். எனக்கு ரிப்போர்ட் ஓடும். சாயாக் கடையில், முடிவெட்டும் கடையில், "அண்ணாச்சி, ரிப்போர்ட் வந்திருச்சா?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பது சர்க்கரை அளவை அல்ல. வெள்ளிக்கிழமை வந்த படத்தை.

சாகுலும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இருபத்திரண்டு வயதில் வளைகுடாவுக்குப் போனவன், இன்னும் அங்கேதான் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறான். என் ரிப்போர்ட் வராமல் எந்தப் படத்தையும் பார்க்க மாட்டான். நான் தேறாது என்றால் அவனுக்கும் தேறாது.

அவனுடைய ஒரே மகள் நஸ்ரீன். இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டு, சினிமாவில் ஒலிப்பதிவு வேலையில் சேர்ந்துவிட்டாள். அன்றைக்கு மகளோடு பேச்சை நிறுத்தியவன் சாகுல். இரண்டு வருஷம் ஆகப் போகிறது. இவ்வளவும் எனக்குத் தெரியும். எந்தப் படத்தில் வேலை செய்கிறாள் என்று மட்டும் தெரியாது.

"ஏலே சங்கரா, இப்படி ஒரு படம் வந்திருக்காம். பாத்துட்டுச் சொல்லு" என்று அவன் ஒரு பெயரைச் சொன்னபோது, "சின்னப் படம்லா? உனக்கு எதுக்கு அது?" என்று கேட்டேன்.

"சும்மாதாம்லே" என்றான்.

எங்கள் லேபில் குப்பியின் மேல் நம்பர்தான் எழுதுவோம். பெயர் எழுதினால், தெரிந்தவர் ஆயிற்றே என்று கை நடுங்கும். சாகுல் அந்தப் படத்தை எனக்குப் பெயர் எழுதாத குப்பியாகக் கொடுத்திருக்கிறான். அவன் மனைவி ஆயிஷாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். "சங்கரன் நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நானே அவளுக்குப் போன் போடுதேன்."

அவனாக இறங்கி வர வெட்கம். அதற்கு என் வாயிலிருந்து ஒரு வார்த்தை தேவைப்பட்டிருக்கிறது.

எட்டுப் பேர் இருந்த அறை

இந்த ரிப்போர்ட் பழக்கம் செல்போன் வந்த பிறகு தொடங்கியது அல்ல. சாகுல் போன புதிதில் கடிதம்தான். நீல ஏர்மெயில் தாளில் விளிம்பு வரை படக் கதையாக எழுதுவேன். சுகமாக இருக்கிறாயா என்று கேட்கக் கடைசியில் இடம் இருக்காது.

பிறகு கேசட் வந்தது. என் வீட்டில் டேப் ரெக்கார்டர் கிடையாது. சாகுல் வீட்டில் இருந்தது, அவன் அனுப்பியதுதான். அங்கே போய் முன்னறையில் உட்கார்ந்து, முழுப் படத்தையும் பேசிப் பதிவு செய்வேன். சண்டைக் காட்சி வந்தால் வாயாலேயே அடிப்பேன், வாயாலேயே விழுவேன். அவன் அம்மா உள்ளேயிருந்து, "சங்கரா, மெதுவாப்பா, அடுத்த வீட்டுப் பிள்ள முழிச்சிக்கிடும்" என்பார்கள்.

தம்மாமில் சாகுல் இருந்த அறையில் எட்டுப் பேர். கடையநல்லூர்க்காரர்கள், புனலூர்ப் பக்கத்து மலையாளி ஒருவர், ஆய்க்குடி முருகையா, இப்படி. வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயை விரித்து, என் கேசட்டைப் போட்டுக் கேட்பார்களாம். அதில் ஒருவர் ஊருக்கு வந்தபோது நான் சொன்ன படத்தைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்ன அளவுக்கு இல்லியே அண்ணாச்சி" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். நான் என்ன செய்ய முடியும்?

ஒரு தடவை சாகுல் ஒரு வேலை செய்தான். என் கேசட் ஓடும்போது, பக்கத்தில் இன்னொரு ரெக்கார்டரை வைத்து, அறையில் இருந்தவர்கள் சிரிப்பதைப் பதிவு செய்து அனுப்பினான். "நீ சொல்லுதத எப்படிக் கேக்கானுவன்னு பாரு" என்று அதன் தொடக்கத்தில் அவன் குரல். ஏழு பேர் ஒன்றாகச் சிரிப்பார்கள். எல்லோரும் அடங்கிய பிறகு ஒரு சிரிப்பு தனியாக, விக்கல் மாதிரி வரும். அது முருகையா. அவருக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும்.

கேட்டுவிட்டு, அந்தக் கேசட்டை சாகுல் வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்குக் கொண்டு போய் எதில் போட்டுக் கேட்பது? பிறகு மறந்தே போனேன்.

அடுப்பைப் பார்க்கிற கோமதி

இந்த வருஷம் பார்த்த படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். எடுத்தவர்களும் பிள்ளை குட்டிக்காரர்கள்.

பெரிய நடிகர் படம் ஒன்று. அவர் கதவைத் திறந்து உள்ளே வந்து சேர்வதற்குள் நான் ஒரு பொட்டலம் கடலையை உடைத்துத் தின்று முடித்துவிட்டேன். வந்தவர், கதவைச் சாத்தச் சொன்னார். தியேட்டரே எழுந்து நின்றது. முன்னால் இருந்தவர் மறைத்ததால் நானும் நின்றேன்.

பேய்ப் படம் ஒன்று. பேயிடம் இருந்த நியாயம் அதில் வந்த போலீஸிடம் இல்லை. கடைசியில் பேயை விரட்டியது எனக்கு மனத்தாங்கல்தான்.

செங்கோட்டை நண்பர் ஒருவர் வற்புறுத்தி ஒரு மலையாளப் படம் பார்க்க வைத்தார். ஒரு ஜீப் ரிப்பேராகிறது. சரி செய்கிறார்கள். படம் முடிந்துவிட்டது. நார்மல் என்று ரிப்போர்ட் கொடுத்தேன். ஆனால் இரண்டு நாள் அந்த ஜீப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன், ஏன் என்று தெரியவில்லை.

என் மனைவி கோமதியின் கணக்கு வேறு. அவள் படத்தில் அடுப்பைப் பார்ப்பாள். பெரிய படத்தைப் பார்த்துவிட்டு வரும்போது, "அந்த அம்மா பிள்ளைக்கு ஊட்டிக்கிட்டே இருக்கா. அடுப்புல ஒரு எண்ணெப் பிசுக்கு உண்டா? எங்கன வச்சி சமைச்சா?" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவளிடம் யாரும் ரிப்போர்ட் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

தடையை எடுத்துவிட்டார்கள்

சாகுல் சொன்ன படத்துக்கு நானும் கோமதியும் ஒரு செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்குப் போனோம். வெளியே சாரல். உள்ளே முப்பது பேர் இருந்தால் அதிகம். ஈரக் குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டி, சாய்வான தரையில் முன் வரிசையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அவன் பெட்டியோடு நடந்துகொண்டிருந்தான்.

இடைவேளை விளக்கு எரிந்ததும் செல்போன் அடித்தது. மாடசாமி.

"அண்ணாச்சி, தடைய எடுத்துட்டாவ. ஐந்தருவில தண்ணி அருமையா விழுது. வெளியூர் வண்டி வருததுக்குள்ள வாங்க."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த அழைப்பின் அருமை தெரியும். வெள்ளம் வந்தால் குளிக்க விட மாட்டார்கள். தடையை எடுத்த முதல் ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு. அதற்குப் பிறகு அருவி வேன்களில் வருகிறவர்களுக்கு. கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திராமல் இலையை மூடிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். ஆனியிலிருந்து ஆவணி வரை என் பைக் பெட்டியில் ஒரு துண்டு இருக்கும்.

"நீயும் வா. இதுக்கு மேல இதுல என்ன இருக்கப் போவுது?" என்றேன்.

"நீங்க போங்க. அந்த வீட்டு அடுப்புல கரி பிடிச்சிருக்கு. நான் முடிச்சிட்டு ஆட்டோல வாரேன்" என்றாள் கோமதி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நீங்கள் முதலில் படித்தது. நான் ரிப்போர்ட் அனுப்பினால் சாகுல் பத்து நிமிஷம் திருப்பிப் பேசுவான். அன்றைக்கு "ம்" என்று ஓர் எழுத்து மட்டும் வந்தது. வேலையில் இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

கோமதி ஐந்தரைக்கு வந்தாள். குடையை மடக்கி மூலையில் வைத்துக்கொண்டே, "ரெண்டாம் பாதில ஒரு எடம் வந்திச்சி…" என்று தொடங்கினாள்.

"தேறாதுன்னு சொல்லி அனுப்பியாச்சி" என்றேன்.

அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, பால் காய்ச்சப் போய்விட்டாள்.

என்ன சத்தம் மாமா

ஒரு மாதம் கழிந்திருக்கும். காலையில் லேபைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். ஆயிஷா மைனி வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்தார்கள். கூடவே நஸ்ரீன். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். முதுகில் பெரிய பை.

"எப்பம்மா வந்த?"

"நேத்து மாமா. நாலு நாள் இருப்பேன்."

மைனிக்கு இரத்தம் எடுத்து, சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினேன். நஸ்ரீன் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்ணு கேட்டாக் கோவப்படக் கூடாது" என்றபடி செல்போனில் எதையோ தட்டினாள். என் குரல் வந்தது. ஏலே சாகுல், நீ சொன்ன படத்தப் பாத்தாச்சி. தேறாதுலே.

முழுவதும் ஓடவிட்டாள். வீட்ட விட்டுப் போயி வீணாப் போகுதுக என்ற இடமும் வந்து போனது.

"இது நான் வேல செஞ்ச படம் மாமா. அத்தா இத அப்படியே அம்மாவுக்கு அனுப்பிட்டாங்க. ஒண்ணும் எழுதல."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சாகுல் என் வார்த்தைக்குக் காத்திருந்த கதையை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"பின்னாடி கேக்குத சத்தம் என்னது மாமா?"

"அருவிம்மா."

"அருவி சரி. அதுக்குள்ள தொம் தொம்முன்னு ஒண்ணு கேக்குதுல்லா?"

நான் ஊதுபத்திச் சாம்பலைத் தட்டினேன்.

"எண்ணெ தேய்க்காங்க. அத்தா இத அம்மாவுக்கு அனுப்பும்போது மணி நாலு இருவது. ரெண்டரைக் காட்சிக்குப் போறேன்னு நீங்க அத்தாட்டச் சொன்னது அம்மாவுக்குத் தெரியும். படம் முடிய அஞ்சு மணி ஆவும். அதுக்கு முன்னாடியே உங்க முதுகுல எண்ணெ எப்படி மாமா வந்துச்சி?" கேட்டுவிட்டு அவளே சொன்னாள். "சத்தத்த வச்சி எடத்தக் கண்டுபிடிக்கதுதான் என் வேல."

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் அமைதியாகக் கேட்டாள்.

"நீங்க தேறாதுன்னு சொன்னதுல எனக்கு வருத்தம் இல்ல மாமா. முழுசாப் பாத்துட்டுச் சொல்லிருந்தீங்கன்னா ஒத்துக்கிட்டிருப்பேன்."

இரத்தக் குப்பியில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வரை நிறையவில்லை என்றால், எவ்வளவு பெரிய டாக்டர் அனுப்பினாலும் அளவு போதாது என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அரைக் குப்பிக்கு முடிவு எழுதியதில்லை. அதைப் பெருமையாகப் போன மாதம் இந்தத் தொடரிலேயே எழுதியிருக்கிறேன். சினிமாதானே என்று வந்த அலட்சியம். அந்த அலட்சியத்தில் யார் பெற்ற பிள்ளை என்று கேட்டேனோ, அந்தப் பிள்ளை என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் பாதி

அன்று மத்தியானமே லேபைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். படம் அதற்குள் டிவியில் காசு கட்டிப் பார்க்கிற இடத்துக்கு வந்திருந்தது. கோமதி இடைவேளை வரை வேகமாக ஓட்டிவிட்டு, அங்கிருந்து போட்டாள்.

வெளிநாட்டில் செத்துப்போன அப்பாவின் பெட்டியைத்தான் அவன் அவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறான். வீடு வந்து சேர்கிறான். அம்மா பெட்டியைத் திறக்கிறாள். பழைய சட்டைகளுக்கு நடுவில் ஒரு கேசட். கரி பிடித்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பழைய ரெக்கார்டரில் போடுகிறாள்.

ஆண்கள் சிரிக்கிற சத்தம். ஒரு சின்ன அறையில் நெருக்கி உட்கார்ந்து, சாப்பிட்ட வயிற்றோடு சிரிக்கிற சிரிப்பு. அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்த மனுஷன் அங்கே இப்படிச் சிரித்துக்கொண்டும் இருந்திருக்கிறானா என்பது போல அவள் முகம் மாறுகிறது. சிரிப்பு அடங்குகிறது. அடங்கிய பிறகு, தனியாக, விக்கல் மாதிரி ஒரு சிரிப்பு.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். முருகையா. அவர் இறந்து நாலைந்து வருஷம் இருக்கும்.

அந்தச் சிரிப்புகளுக்கெல்லாம் அடியில், எங்கோ அடுத்த தெருவிலிருந்து கேட்பது போல ஒரு குரல். யாரோ ஒருவன் வாயாலேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான், வாயாலேயே விழுகிறான். இருபத்து சொச்சம் வயது சங்கரன்.

"உங்க சத்தம் மாதிரி இருந்திச்சி" என்றாள் கோமதி. "அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க கேக்கலியே."

நான் அழுதேன். அவள் டிவியை நிறுத்திவிட்டுச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

திருத்தம்

தவறான ரிப்போர்ட் போய்விட்டால் நாமே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது என் தொழிலில் முறை. சாகுலுக்குக் குரல் பதிவு போட்டேன். இந்தத் தடவை பின்னால் எந்தச் சத்தமும் இல்லாமல், மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு.

"சாகுல், நான் தந்த ரிப்போர்ட் தப்புலே. எடவேளையில எந்திரிச்சி அருவிக்குப் போயிட்டேன். பாதிப் படத்தப் பாத்துட்டு முழுப் படத்தையும் சொல்லிட்டேன். நஸ்ரீன் படம்னு தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்க மாட்டேன். யாரு பிள்ளையா இருந்தாலும் நான் அப்படிப் பேசிருக்கக் கூடாது. நீ படத்தப் பாரு. ரெண்டாம் பாதிய நல்லாக் கேளு." நிறுத்தப் போனவன் திரும்பவும் சொன்னேன். "முருகையா சிரிக்காருலே."

கேட்டுவிட்டான் என்று செல்போனில் நீல டிக் காட்டியது. அன்றைக்குப் பதில் இல்லை. மறுநாளும் இல்லை. நஸ்ரீன் சென்னைக்குக் கிளம்பும் நாள் காலையில், லேபில் கூட்டம் இருக்கும்போது வந்தது. ஆறு நிமிஷக் குரல் பதிவு. இத்தனை வருஷத்தில் நான் அவனுக்குப் படம் சொல்லியிருக்கிறேனே தவிர, அவன் எனக்குச் சொன்னதில்லை. பின்னறைக்குப் போய்க் காதில் வைத்தேன்.

"ஏலே, மொதப் பாதி நீ சொன்னது சரிதாம்லே. ரொம்பத்தான் நடக்கான்." இருமினான். "ஆனா அந்தக் கேசட்டு… நம்ம வீட்டு அலமாரில கெடந்ததுலா. அத இந்தப் பிள்ள இத்தன வருஷம் கேட்டுக்கிட்டா இருந்திருக்கா? நான் ஊருல இல்லாத நேரத்துல எல்லாம் இதத்தான் போட்டுக் கேட்டிருக்காளா? எனக்குத் தெரியாதுலே. யாரும் சொல்லல."

அதோடு பேச்சு நின்றுவிட்டது. பதிவை நிறுத்த மறந்துவிட்டான் போல. ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இப்போது அவன் அந்த அறையில் தனி ஆள். பிறகு தூரத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. படத்தை மறுபடியும் போட்டிருக்கிறான். எல்லோரும் சிரித்து அடங்கினார்கள். முருகையா சிரித்தார். அவருக்கும் பிறகு இன்னொரு சிரிப்பு, இருமலோடு, வயதான சிரிப்பு. இன்றைய சாகுல். பின்னால் தள்ளி, திரும்பவும் போட்டான். திரும்பவும் கடைசியில் அவன் சிரித்தான். மூன்றாவது தடவை அது சிரிப்பாக இல்லை.

அதை நஸ்ரீனுக்கு அனுப்பினேன். கீழே ஏதாவது எழுதலாம் என்று இரண்டு வார்த்தை தட்டினேன், அழித்துவிட்டேன். கருத்து எதுவும் சொல்லாமல் நான் ஒன்றை அனுப்பியது அதுதான் முதல் தடவை.

அரை மணி நேரம் கழித்து, மனது கேட்காமல் சாகுலைக் கூப்பிட்டேன். வேறு ஒருவருடன் பேசிக்கொண்டிருப்பதாக வந்தது. நஸ்ரீனைக் கூப்பிட்டேன். அவளும் வேறு ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தாள்.

போனை டிராயருக்குள் போட்டு மூடினேன். வெளியே வந்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டுக் கையில் ரப்பரைக் கட்டினேன். ஊசியை வைத்துக்கொண்டு கோடு வரை நிறையக் காத்திருந்தேன்.